பின் டயரில் இருபது புஸ்

எங்கள் வீட்டு மொபெட்டுக்கு இரண்டு விதமான காற்று உண்டு. வாரநாட்களில் கல்லுக் காற்று, ஞாயிற்றுக்கிழமை பஞ்சுக் காற்று. பெயர் வைத்தது நான்தான். மங்கலத்தில் இருந்த அந்த நாட்களில் அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனியிலிருந்து தைத்த பனியன்களை மூட்டையாக வாங்கிவந்து, வீட்டில் நூல் பிசிறு வெட்டித் திருப்பிக் கொடுப்பார்கள். மூட்டை தாங்க வேண்டுமே என்று பின் டயர் கல்லாக இருக்கும். ஞாயிறன்று அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போகும்போது மட்டும், பிசிறு வெட்டும் கத்தரியின் நுனியால் வால்வை அழுத்தி அப்பா இரண்டே இரண்டு 'புஸ்' விடுவார். திங்கட்கிழமை பஞ்சர் கடையில் மறுபடியும் கல். காற்று கூடினால் டயர் நடுவில் வழுக்கை விழும், குறைந்தால் ஓரம் இரண்டும் தேயும் என்பார். அளவு பார்க்க அவருக்குக் கட்டைவிரல் போதும். அந்த விரல்மேல் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

எனக்கு அப்போது எட்டு வயது. அம்மாவுக்கு எட்டாம் மாதம். ஒருநாள் கல்லுக் காற்றில் செக்கப்புக்குப் போய்வந்தவள், "இடுப்பெலும்பே கழண்டு போச்சு கண்ணு" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாவமாக இருந்தது. அடுத்த செக்கப் ஒரு சனிக்கிழமை. அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து, வால்வின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு, கத்தரியை வைத்து அழுத்தினேன். இரண்டு புஸ்ஸுக்கே அவ்வளவு சுகம் என்றால் இருபதுக்கு எப்படி இருக்கும்! அப்பா வரும் சத்தம் கேட்கவும், மூடியைப் பென்சில் டப்பாவில் போட்டுவிட்டு நல்ல பிள்ளையாகப் போய் நின்றேன்.

அன்றைக்கென்று ஷிப்மெண்ட் அவசரம் என்று கம்பெனியிலிருந்து போன் மேல் போன். அப்பா விரல் வைத்துப் பார்க்கவில்லை. முன்னால் ஒரு மூட்டை, பின்னால் அம்மா என்று ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். தெருமுனைத் தறி குடோன் வளைவில் வண்டியின் பின்பக்கம் பாம்பாக நெளிந்தது. வாசலில் நின்று ஆட்டிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றது. அம்மா பக்கவாட்டில் விழுந்தாள். மூட்டை பிரிந்து ரோடெல்லாம் வெள்ளைப் பனியன்கள். நடுவே அம்மா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். கத்தவில்லை. அவள் கத்தாததில்தான் எனக்கு உயிரே போய்விட்டது. ஐயோ, பாப்பாவைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, குழந்தைக்கு ஒன்றுமில்லை, இரண்டு நாள் படுத்திருக்கட்டும் என்றார்கள். மதியம் அப்பா வண்டியைப் பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே போனேன். கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கி முக்கிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"ஓட்டையே இல்லீங்கண்ணா. ஆரோ காத்தப் புடுங்கி உட்டிருக்கறாங்க. மூடியுங் காணோம் பாருங்க."

அப்பா வால்வையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

சாயங்காலம் கணியூரிலிருந்து அப்புச்சி, அம்மாவைப் பெற்றவர், பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். வார்டு என்றும் பார்க்காமல் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங் மாப்ள, மாசமா இருக்கற புள்ளைய ஏத்தீட்டுப் போறீங்க, காத்துப் பாக்க மாட்டீங்களா? கண்ணு எங்க போச்சு?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "நாந்தானுங் மாமா காத்த எறக்குனேன். குலுங்காம இருக்கட்டும்னு பாத்தேன். கொஞ்சங் கூடுதலா எறக்கீட்டனுங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவும் இறக்கினாரா! அப்படியானால் நான் இருபது, அவர் எத்தனையோ. பாதித் தப்பு அவருடையது. அப்பாடா என்று இருந்தது. அதோடு விட்டேனா? அம்மாவை இப்படிப் பண்ணிவிட்டாரே என்று அவர்மேல் கோபம் வேறு வந்து, இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகப் பென்சில் டப்பாவைத் திறந்தால் மூடியைக் காணோம். ஓடிப்போய்ப் பார்த்தேன். வால்வில் ஒரு மூடி இருந்தது. அப்பா புதிதாக ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறார், யாருக்கும் தெரியாமல் தப்பித்தோம் என்று நிம்மதியாகக் கிளம்பினேன். புது மூடியில் என் பல் தடம் எப்படி வந்தது என்று மட்டும் யோசிக்கவேயில்லை.