குட்டு விழாத நாடு

இங்கிலாந்தில், லெஸ்டரில் நான் வேலை பார்க்கும் பிஸ்கட் தொழிற்சாலையில் யாராவது தப்பாக இங்கிலீஷ் பேசினால் ஒருவரும் திருத்துவதில்லை. ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஃபோர்மேனே ‘வொர்க் குவிக்’ என்பார். ‘யூ டிட் குட்’ என்று முதுகில் தட்டுவார். அங்கே ‘குவிக்லி’யும் ‘வெல்’லும் வரவேண்டும் என்று போடியில் படித்துவந்த எனக்கு, வந்த புதிதில் உச்சந்தலை கூசிக்கொண்டே இருந்தது.

காரணம் உண்டு. எங்கள் பள்ளிக்கூடத்தில் சரியாகச் சொன்னவன், தப்பாகச் சொன்னவர்கள் தலையில் குட்டவேண்டும். வாத்தியாருக்குக் கைவலி மிச்சம். சரியாகச் சொல்கிறவன் எப்போதும் ராஜாராம்தான், ஏலக்காய்க் கடைக்காரர் மகன். ஏலக்காய் ‘ஸ்மெல்ஸ் ஸ்வீட்’ என்பான்; மணம் காயின் குணம், அது செய்கிற வேலை இல்லையாம். நான் ‘ஸ்வீட்லி’ என்பேன். விரல்முட்டியை மடக்கி, ரசித்துக் குட்டுவான். அவனுக்கே என் தங்கையைக் கட்டிக்கொடுத்தார்கள். கடை நொடித்துப்போனதும் தங்கை கெஞ்சினாள். படாதபாடு பட்டு அவனை இங்கே வரவழைத்து, என் தொழிற்சாலையிலேயே சேர்த்துவிட்டேன்.

ஒருநாள் டீ நேரத்தில் லாரி ஓட்டும் கெவின், பனியில் ‘டிரைவ் ஸ்லோ’ என்று யாரிடமோ சொன்னான். ராஜாராம் ‘ஸ்லோலி’ என்று திருத்தி, சிரித்துக்கொண்டே அவன் தலையில் நறுக்கென்று ஒன்று வைத்தான். டீ முழுக்க கெவின் மார்பில் கொட்டியது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். உங்கள் ஊரில் இது விளையாட்டா, அடியா என்று கேட்டார். விளையாட்டு என்றால் கண்டித்து விட்டுவிடுவார், முகத்திலேயே தெரிந்தது.

“மச்சான், வெளயாட்டுன்னு சொல்லிரு,” என்றான் பக்கத்தில் நின்ற ராஜாராம்.

“அடிதான்,” என்றேன், இங்கிலீஷில். உண்மையைத்தான் சொன்னேன். சொல்லும்போது சந்தோஷமாக இருந்தது, இன்றைக்கும் அதில் குறையில்லை.

அன்றே அவன் வேலை போனது. ஊர் திரும்பியவன் இப்போது போடிமெட்டு ரோட்டில் எஸ்டேட் ஜீப்புக்கு ஆள் கூவி ஏற்றுகிறான். அதே ஜீப்பில் என் தங்கை காய் பறிக்கப் போகிறாளாம். என்னோடு பேச்சு இல்லை.

போன வருடம் ஊருக்கு வந்தேன், மதுரை வரைக்கும். பஸ் நிலையத்தில் போடி பஸ் கண்டக்டர், “அண்ணே, வெரசா ஏறுங்க, எடம் இருக்கு,” என்றார். படியில் ஒரு கால் வைத்தேன். போடியில் இறங்கி யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியவில்லை. காலை எடுத்துவிட்டேன். மலையில் குளிருமே என்று தங்கைக்கு வாங்கிவந்த ஸ்வெட்டரை லெஸ்டருக்கே திருப்பிக் கொண்டுவந்தேன். இங்கே அவள் அளவில் யாரும் இல்லை.