சரசக்கா துடைத்த பங்களா

1. நாற்காலி வந்தது, அறை வரவில்லை

வட ஆற்காட்டிலிருந்து எங்கள் மாவட்டத்தைத் தனியாகப் பிரித்தபோது நான் திருவண்ணாமலையில் பொதுப்பணித் துறையின் கட்டடப் பிரிவில் வொர்க் இன்ஸ்பெக்டர். பெயர்தான் இன்ஸ்பெக்டர். கையில் அளக்கிற டேப், கக்கத்தில் குடை, அவ்வளவுதான் என் அதிகாரம்.

வேலூரிலிருந்து லாரி லாரியாக நாற்காலியும் பீரோவும் வந்து இறங்கின. அவற்றைப் போட அறை இல்லை. ஒரு ஆபீஸ் லாட்ஜ் மாடியில் நடந்தது. இன்னொன்று கல்யாண மண்டபத்தில். முகூர்த்த நாள் வந்தால் ஃபைலையெல்லாம் ஸ்டோர் ரூமில் தள்ளிப் பூட்டிவிட்டு, கிளார்க்குகள் வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள். பௌர்ணமி நெருங்கினால் லாட்ஜ்காரர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். கிரிவலம் வருகிறவர்களுக்கு விட்டால் அவருக்கு ஜாஸ்தி கிடைக்கும். கவர்ன்மென்ட் கொடுப்பது கம்மி, அதுவும் எப்போது வரும் என்று தெரியாது.

காலி இடம் தேடுவதே என் வேலையாகிப்போனது. டீக்கடையில் என்னைப் பார்த்ததும் "ரூம் புரோக்கர் வர்றாருய்யா" என்பார்கள். மாற்றலாகி வரும் எந்த ஆபீசரும் முதலில் கேட்பது "எனக்கு எங்க இடம்?" என்பதுதான். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் அதிகாரிகளுக்கு இருந்த இடப்பசியை இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். நான் சொல்லப்போகிற கதை முழுக்க அந்தப் பசியால் வந்தது.

2. ஏரிக்கரை பங்களா

ஊருக்கு வெளியே ஏரிக்கரை ஓரத்தில் ஒரு பங்களா இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் ஏரி பார்க்க வரும் துரைகள் தங்குவதற்காகக் கட்டியது. உயரமான கூரை, தேக்குக் கதவுகள், சிவப்பு சிமெண்ட் தரை. சுற்றிலும் வேலிகாத்தான் முள் மண்டிக் கிடந்ததால் ரோட்டிலிருந்து பார்த்தால் ஓட்டு முகப்பு மட்டும் தெரியும். மழை பெய்தால் நடு ஹாலில் ஒழுகும். உள்ளே வவ்வால். எந்த ஆபீசரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அது காலி இடமில்லை.

பங்களாவுக்குப் பின்னால், தள்ளி, ஒரு சமையல்கட்டு தனியாக இருந்தது. வாட்ச்மேன் ஏழுமலையும் அவர் மனைவி சரஸ்வதியும், எனக்குச் சரசக்கா, அதில் குடியிருந்தார்கள். எப்போதோ ரிட்டையரான ஒரு என்ஜினீயர் "இருந்துக்கோ" என்று வாயால் சொன்னதுதான் அவர்களுக்கு இருந்த ஒரே அனுமதி. அவர்கள் பெண் பிறந்தது அந்தச் சமையல்கட்டில். கல்யாணமாகிப் போனதும் அங்கிருந்துதான். பங்களாவைப் பெருக்குவது ஏழுமலையின் வேலையே இல்லை, பூட்டைப் பார்த்துக்கொள்வதற்குத்தான் சம்பளம். ஆனால் சரசக்கா தினமும் பெருக்குவார்.

ஏழுமலை பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து அக்கா பேசுவார்.

3. ஒரு நாள் திறந்துவிடுவது

மாவட்டம் பிரிந்து சில வருஷம் ஆனபோது மேலே யாருக்கோ ஒரு யோசனை வந்தது. ஊரில் உள்ள பழைய அரசுக் கட்டடங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை பொதுமக்களுக்குத் திறந்துவிடுவது. டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். பழைய தாலுகா ஆபீஸ், கோர்ட் ஹால், கஜானாவின் இரும்புக் கதவு என்று எங்கள் உதவிப் பொறியாளர், ஏ.இ., சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"ஏரிக்கரைல ஒரு பங்களா இருக்குதாமே. அதையும் சேத்துடு."

"சார், அது ஒழுகுது சார். வவ்வால் வேற."

"ஒரு நாள்தானேப்பா. கூட்டிப் பெருக்கி வெக்கச் சொல்லு, போதும்."

நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ச் சொன்னேன். சரசக்கா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

"நெசமாவா தம்பி? ஜனங்க வந்து பாக்கப் போறாங்களா? இத்தினி வருஷமா நான் பெருக்குறது எனக்கும் வவ்வாலுக்கும்தான் தெரியும்."

"ரொம்ப இழுத்துப் போட்டுக்காதக்கா. சும்மா ஒரு தடவ பெருக்கி வுடு."

"போப்பா! வூட்டுக்கு நாலு பேர் வரும்போது அப்படியா வுடுவாங்க?"

வீடு என்றுதான் அவர் சொன்னார். அப்போது நானும் அதைக் கவனிக்கவில்லை.

அடுத்து வந்த நாட்களில் அந்த அம்மாள் செய்த வேலையை ஒரு கான்ட்ராக்டர் செய்திருந்தால் பெரிய பில் போட்டிருப்பான். வவ்வால் எச்சத்தைச் சுரண்டினார். தேங்காய் நாரால் தரையை அங்குலம் அங்குலமாகத் தேய்த்தார். காய்ந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் துடைத்தார். கதவுப் பித்தளைக்குப் புளி. ஏழுமலை வேலிகாத்தானை வெட்டித் தள்ளினார். ஒருநாள் போனபோது மனுஷன் கூரைமேல் உட்கார்ந்து, தார் காய்ச்சி, ஒவ்வொரு ஓட்டையாக அடைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு மழ வந்துட்டா அசிங்கம் சார்" என்றார். அவர் என்னிடம் தானாகப் பேசிய முதல் வாக்கியம் அது என்று நினைக்கிறேன்.

4. செருப்பைக் கழற்றிய ஜனங்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வந்தது. என் கையில் ஒரு குச்சியைக் கொடுத்து விளக்கம் சொல்லச் சொல்லியிருந்தார்கள். அங்கே என்ன விளக்கம் சொல்வது? இது ஹால், இது துரை படுத்த அறை, இது துரை குளித்த தொட்டி.

முதலில் வந்த குடும்பம் படியேறி வாசலில் நின்றுவிட்டது. உள்ளே தரை தண்ணீர் தேங்கினாற்போல மின்னியது. வாசலில் இழைக்கோலம், காவி. அந்தக் குடும்பத்துப் பெரியவர் செருப்பைக் கழற்றினார். பிறகு வந்தவர்களும் கழற்றினார்கள். யாரும் சொல்லவில்லை, போர்டும் இல்லை. கோயில் ஊர்க்காரர்களுக்கு அப்படி ஒரு தரையைப் பார்த்தால் கால் தானாக நின்றுவிடும். மதியத்துக்குள் வாசலில் செருப்பு குவிந்துகிடந்தது.

"ஏன் சார், துரைங்களும் செருப்ப கழட்டிட்டுத்தான் உள்ள வருவாங்களா?" என்று ஒரு அம்மா கேட்டார். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த வேர்க்கடலை விவசாயி ஒருவர் ஹாலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்துவிட்டு, "மல்லாட்ட மூட்ட அடுக்குனா எங்க ஊரு மகசூல் பூரா புடிக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். சரசக்கா பெண்ணின் கல்யாணத்துக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு பின்வாசலில் நின்றார். வந்தவர்களுக்கெல்லாம் பானைத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் ஜீப் வந்தது. புதிதாக மாற்றலாகி வந்து லாட்ஜில் தங்கியிருந்த பெரிய அதிகாரி ஒருவர், மனைவியோடு இறங்கினார். வாசல் செருப்புகளைப் பார்த்துவிட்டு அவரும் ஷூவைக் கழற்றினார். வெறுங்காலோடு ஹாலில் நடந்தார். நின்றார். திரும்பவும் நடந்தார். இடம் பார்க்கிறவன் நடக்கிற நடை எனக்குத் தெரியும், வருஷக்கணக்காக அந்த நடைக்குப் பின்னால் டேப்பைத் தூக்கிக்கொண்டு போனவன் நான்.

"கால் வெச்சா எவ்ளோ குளிர்ச்சியா இருக்குது பாருங்க" என்றார் அவர் மனைவி.

அதிகாரி, கூடவே வந்திருந்த எங்கள் ஏ.இ. பக்கம் திரும்பினார். "இவ்ளோ நல்ல பில்டிங்க சும்மா போட்டு வெச்சிருக்கீங்களே?"

"யாரும் கேக்கல சார்."

"கேக்கலன்னா? நான் லாட்ஜுல கெடக்குறேன்."

நான் முந்திக்கொண்டு, "மழ வந்தா ஒழுகும் சார்" என்றேன். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கூரையில் ஒரு கறை இல்லை. ஏழுமலை அதையும் தேய்த்து வெள்ளையடித்திருந்தார்.

சரசக்கா தண்ணீர்ச் செம்போடு வந்தார். அதிகாரி குடித்துவிட்டு, "நீங்கதான் பாத்துக்கிறீங்களா? ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்கம்மா" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. மனதாரத்தான் சொன்னார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, கேட்டாயா என்று கண்ணால் கேட்டார்.

5. அழுக்கு

மறு வாரமே பங்களா அந்த அதிகாரிக்கு ஒதுக்கப்பட்டது. பின்னாலிருந்த சமையல்கட்டு டிரைவருக்கு. ஏழுமலையை சிமெண்ட் குடோனுக்கு வாட்ச்மேனாக மாற்றினார்கள். அங்கே தங்க இடம் கிடையாது.

ஏ.இ.யிடம் போய் நின்றேன். "சார், அந்தக் குடும்பம் அங்கயே இருக்கட்டும் சார். அந்தம்மா பெருக்கித் துடைச்சுக் குடுக்கும்."

"யோவ், வேல போகல இல்ல? அதுக்கே சந்தோஷப்படச் சொல்லு. அங்க இருக்கச் சொல்லி எந்த ஆர்டர் இருக்குது? நான் கேட்டா நாளைக்கி என்னைக் கேப்பாங்க."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. இந்தக் கதையில் யாருமே தப்பு செய்யவில்லை. அதனால்தான் இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது. யாராவது ஒரு அயோக்கியன் இருந்திருந்தால் அவனைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

காலி செய்த அன்று மூன்று சக்கர வண்டியில் அவர்கள் சாமான் முழுவதும் அடங்கிவிட்டது. சரசக்காவைக் காணோம். உள்ளே போனேன். ஹாலில் மண்டியிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வுடுக்கா. இனிமே அவங்க பாத்துக்குவாங்க."

"சாமான் தூக்குறப்ப மண்ணு வுழுந்துடுச்சுப்பா. எங்க அழுக்க அவங்க பாக்க வேணாம்."

பிறகு எழுந்து கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "வேலிகாத்தான அப்படியே வுட்டிருக்கலாம் இல்ல?" என்று கேட்டார்.

அடி அண்ணாமலையில் ஒரு அறை வாடகைக்குக் கிடைத்தது. அறை கிரிவலப் பாதையை ஒட்டி இருந்ததால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வீட்டுக்காரர் அதை யாத்திரைக்காரர்களுக்கு விட்டுவிடுவார். அன்று மட்டும் இவர்கள் சாமானை ஓரமாகக் குவித்துவிட்டு வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். ஏழுமலை அங்கிருந்தே குடோனுக்கு நடந்துபோய் வந்தார். சில வருஷத்தில் மார்ச்சளி முற்றி இறந்துபோனார். நல்லவேளை, அன்று பௌர்ணமியாக இல்லை என்று அக்கா என்னிடம் சொன்னார். அதை ஒரு ஆறுதலாகத்தான் சொன்னார்.

6. இன்னொரு ஞாயிற்றுக்கிழமை

அந்த அதிகாரி பங்களாவில் இரண்டு மழைக்காலம்கூட இருக்கவில்லை. தார் விட்டுப்போய்க் கூரை ஒழுகியது. புது குவார்ட்டர்ஸ் கட்டி முடித்ததும் போய்விட்டார். பங்களாவைப் பூட்டினார்கள். சமையல்கட்டில் பழைய டயரும் உடைந்த மேஜையும் போட்டார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, எனக்கு ரிட்டையர்மென்ட் நெருங்கிய சமயம், திரும்பவும் அதேபோல ஒரு நாள் கட்டடங்களைத் திறந்துவிட்டார்கள். பங்களாவும் அதில் இருந்தது. கான்ட்ராக்ட் ஆள் ஒருவன் மேலோடு பெருக்கிவிட்டுப் போயிருந்தான். ஜனங்கள் செருப்போடு உள்ளே போய் வந்தார்கள். தரையில் சிவப்பு எங்கே என்று தேடத்தான் வேண்டியிருந்தது.

கூட்டத்தோடு கூட்டமாக சரசக்கா வந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது. என்னிடம்கூடப் பேசாமல் நேராகப் படியேறி, வாசலில் செருப்பைக் கழற்றினார். அத்தனை பேர் நடந்த இடத்தில் அவர் செருப்பு மட்டும்தான் கிடந்தது. ஹாலில் நடந்தார். துரை அறைக்குள் போய் வந்தார். பின்வாசல் வழியாகச் சமையல்கட்டைப் பார்த்தார். திரும்பி வந்து படியில் உட்கார்ந்து, உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். கரியாக இருந்தது.

"துடைச்சா வந்துடும் தம்பி" என்றார். "அடியில நல்லாத்தான் இருக்குது."

"உள்ள வா அக்கா, தண்ணி குடிச்சிட்டுப் போலாம்" என்றேன். சொன்ன பிறகுதான் யாரை எங்கே உள்ளே கூப்பிடுகிறேன் என்று உறைத்தது. அவர் சிரித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

என் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். ஒரு கட்டடத்தைக் காலி என்று எழுதுவதற்கு முன், நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதுவதற்கு முன், பின்பக்கம் போங்கள். அங்கே அடுப்பு இருந்தால் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், அந்தக் கட்டடத்தை நல்ல நிலையில் வைத்திருப்பது யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அதை மேலே இருக்கிறவர்களிடம் சத்தமாகச் சொல்லுங்கள். அன்றைக்கு அந்த அதிகாரியிடம் நான் ஒழுகும் என்று மட்டும்தான் சொன்னேன்.