சஷ்டிக்குக் கட்டிய காப்பு

மகளை வீட்டில் இருத்திவைக்கக் கந்தசஷ்டி விரதம் உதவும் என்று யோசித்தவன் நான்தான்.

கொழும்பு மட்டக்குளியில் கால்வாய்க் கரை வீடுகளை உடைக்கப்போகிறார்கள் என்று, அங்குள்ள பெண்கள் பாதையோரம் தறப்பாள் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். பல்கலைக்கழக வகுப்பு முடிந்ததும் இவள் நேரே அங்கே போய்விடுவாள். அங்கே இருப்பவர்களைப் பொலிஸ் படம் எடுக்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. இளவயதில் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றிலிருந்து பொலிஸார் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அதை அவளுக்கு நான் சொன்னதில்லை.

"ஆறு நாளும் சஷ்டி பிடி பிள்ளை. கம்பஸ்ஸில சோதனையும் வருதெல்லே," என்றேன். விரதம் இருப்பவள் வெயிலில் அலையமாட்டாள், கோயிலும் வீடுமாக இருப்பாள் என்று நம்பினேன்.

உடனே சம்மதித்தாள். கோயிலில் ஐயர் இடக்கையில் தர்ப்பைக் காப்புக் கட்டினார். வெளியே வந்து செருப்பைப் போட்டவள், மட்டக்குளி பஸ்ஸுக்குக் கையை நீட்டினாள்.

"எங்க போறாய்?"

"ஆறு நாளும் அந்தச் சனத்தோட இருக்கிறன் எண்டு நேந்துதான் கட்டினனான். நீங்கள்தானே அப்பா விரதம் பிடிக்கச் சொன்னீங்கள்."

காப்புக் கட்டியவளை மறித்தால் விரதம் குலைத்த பாவம் எனக்கு.

நான்காம் நாள் பின்னேரம், அவள் ஒருநேரம் குடிக்கும் பாலைப் போத்தலில் ஊற்றிக்கொண்டு நானே போனேன். பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடுவில், திருநீற்றுடன், என் மகள்.

"மகள எங்களுக்கே தந்துருங்க அண்ணே. சோறும் கேக்கிறல்ல, செலவே இல்ல," என்று ஒரு பெண் சிரித்தாள்.

"பசிக்கேல்லையோ?" என்றேன் மகளிடம்.

"பசிக்குது. நேந்துபோட்டு எழும்பிப் போகேலாதெல்லே."

அப்போது ஒரு பொலிஸ்காரர் கொப்பியுடன் வந்தார். "நம?" என்று ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு எழுதினார். மகள் பெயரும் விலாசமும் சொன்னாள். அடுத்து என்னைப் பார்த்தார். பால் கொடுக்க வந்தவன் என்று சொல்லி நழுவியிருக்கலாம். அந்தச் சிங்கள வசனம் வாயில் தயாராகவே இருந்தது. ஆனால் என் பெயரும் அதே விலாசமும்தான் வெளியே வந்தன.

"அப்பா, உங்களுக்கென்ன விசரோ?"

"ஒரே வீடுதானே. வந்தா ரெண்டு பேரையும் கேக்கட்டும்."

சஷ்டி முடிந்து மூன்று வாரமாகிறது. வீடுகளை இன்னும் உடைக்கவில்லை. அவளும் போவதை நிறுத்தவில்லை. வாசல் மணி அடித்தால் அவளை முந்திக்கொண்டு நான் ஓடுகிறேன். நேற்று மின்சார பில் கொண்டுவந்தவரிடம், அவர் கேட்காமலே என் பெயரைச் சொன்னேன்.