73939133-உம் மம்பாவ் வீடும்

எடைமேடையில் உட்கார்ந்து பிழைத்தவர்களே, உங்களுக்குத் தெரியும், நாம் சொல்லும் எண்ணை ஒருவரும் நம்புவதில்லை. செம்பனை ஆலையில் குலை ஏற்றி வந்த லாரிக்காரர்கள் நம்பவில்லை. வீட்டில் மனைவி சரோஜாவும் நம்பவில்லை. அவளைக் கடைசியாக உயிரோடு பார்த்தது சிரம்பான் ஆஸ்பத்திரியில். மூச்சு வாங்கிக்கொண்டே அவள் விசாரித்தது 73939133 என்ற எண்ணை. இன்னும் எதாலும் வகுபடவில்லை என்றேன்.

"விடாம போடுங்க. அவ்ளோ பெரிசுக்குள்ள ஒண்ணுமா இருக்காது?"

பந்தயம்

இரவல் புத்தகம் ஒன்றில் அந்த எண்ணைப் படித்திருந்தேன். ஒன்றையும் தன்னையும் தவிர எதாலும் வகுபடாதாம். கடைசி இலக்கத்தை வெட்டினால் மிஞ்சுவதும் வகுபடாது. வெட்டிக்கொண்டே போனாலும் அப்படித்தானாம். வாய் சும்மா இருக்காமல் சரோஜாவிடம் சொன்னேன்.

அவளுக்கு மம்பாவில் மகள் வீட்டோடு போய்விட ஆசை. எனக்குத் தோட்டத்து வீட்டை விட மனமில்லை. வகுபட்டால் மம்பாவ், இல்லாவிட்டால் தோட்டம் என்று அவளே தீர்ப்புச் சொன்னாள். மருமகன் கைப்பேசியைத் தட்டி, வகுபடாது என்று உடனே சொல்லிவிட்டார்.

"போன் சொன்னா செல்லாது மாப்பிள்ளை. அவரு கையால போடட்டும்."

தராசுக் கணக்கு

லாரிக்கும் லாரிக்கும் நடுவே, கெட்டுப்போன எடைச் சீட்டுகளின் பின்புறத்தில் வகுத்தேன். மூன்றால் போகவில்லை. ஏழால் வகுத்தால் இரண்டு மிஞ்சியது. சரோஜாவின் தம்பி மணியம் எங்கள் ஆலைக்கு லாரி ஓட்டுகிறவன்; அக்கா கட்சி. எங்கள் தராசு பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். சில்லறை கிலோவுக்காக என்னோடு தினமும் மல்லுக்கட்டுபவன், அன்று தாராளமாகிவிட்டான்.

"ரெண்டுதானே மாமா மிச்சம்? ரெண்டு கிலோவை நம்ம தராசே பாக்காதுலா. வகுபட்டுச்சுன்னு அக்காகிட்ட சொல்லிடுங்க."

நாலு நம்பர்

வகுபடாத எண்ணில் பரிசு விழுந்தால் மச்சினன்களுக்குப் பங்கு தர வேண்டியதில்லை என்பது மணியத்தின் அடுத்த கண்டுபிடிப்பு. முதல் நாலு இலக்கத்தை, 7393-ஐ, நாலு நம்பர் லாட்டரிக் கடையில் எடுத்தான். எதுவும் விழவில்லை. என்னைத் திட்டுவான் என்று பார்த்தேன்.

"நம்பரு நல்ல நம்பருதான் மாமா. பரிசுதான் தப்பா விழுந்துடுச்சு."

மீதி

சரோஜாவின் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். எட்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் வரை பார்த்தால் போதும், அதற்குமேல் தேவையில்லை. ஒரு தடவையாவது மீதியில்லாமல் வராதா என்று இப்போது நானே ஏங்கினேன். சந்தேகம் வந்ததையெல்லாம் இரண்டாம் தரம் போட்டேன். ஒவ்வொன்றிலும் ஏதோ மிஞ்சியது. கடைசி வகுத்தலையும் முடித்து, வகுபடவில்லை என்று மணியத்திடம் சொன்னேன். லாரியை அணைத்துவிட்டு இறங்கி வந்தான்.

"அப்ப நீங்க ஜெயிச்சிட்டீங்க. மம்பாவுக்கு எப்ப மாமா சாமான் ஏத்தணும்?"

பந்தயத்தில் ஜெயித்த நான் மம்பாவில் இருக்கிறேன். 73939133-ஐக் கடைசியிலிருந்து ஒவ்வோர் இலக்கமாக வெட்டிக்கொண்டே வந்தால் மிஞ்சுவது ஒற்றை ஏழு; அதுவும் வகுபடாது.