கழுவிக் கொடுத்த கார்

நம்மூரில் வண்டியை விட்டால் விட்ட இடத்தில் நிற்கும். இலங்கை மலைமேல் இருக்கும் இந்த ஹட்டனில் சக்கரத்துக்குக் கல் வைத்தால்தான் நிற்கும். என் வீட்டுக்காரர் வாங்கிய புதுக் காருக்கு மட்டும் கல் இல்லாமலே நிற்கும் வரம் இருந்தது. அதுவும் ஏற்றத்தின் நடுவில்.

அந்தக் காருக்காக அவரைவிட அதிகம் காத்திருந்தவள் நான். இந்தத் தீவில் எனக்கிருந்த ஒரே சொந்தம் தங்கை செல்லம். நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். பஸ் நோர்வூட்டோடு சரி. என்னைப் போல் கடைக்காரர் வீட்டுப் பெண் தனியாகப் பஸ் ஏறுவதும் வழக்கமில்லை. அம்மாவோ கடலுக்கு அந்தப் பக்கம். ஏழாம் மாதம் செல்லத்துக்கு வளைகாப்பு; தாய்வீடு என்று வளையல் போட என்னை விட்டால் ஆளில்லை. கடைக்கு மேல் மாடியில், பேச்சுத் துணைகூட இல்லாமல், அந்த நாளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

காரோ ஏற்றம் கண்டால் புகைந்தது, அடியில் எண்ணெய் ஒழுகியது. கார் விற்ற கொழும்புக் கம்பெனிக்கு மூன்று கடிதம் போன பிறகு, ஆள் வந்து பார்ப்பார், பழுதிருந்தால் வேறு கார் தருவோம் என்று பதில் வந்தது. வருகிறவரை அழைத்துவர வீட்டுக்காரர் ஸ்டேஷனுக்குப் போனார். நான் காரைப் பார்த்தேன். பிறந்த வீட்டுக்குத் திரும்புகிறதை இந்தக் கோலத்திலா அனுப்புவது? என்னைக் கப்பலேற்றிய அன்று, போகிற இடத்தில் குறை சொல்லக்கூடாதென்று அம்மா சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டித்தான் அனுப்பினாள். நானும் முன்பக்க மூடியைத் திறந்து சீயக்காய் போட்டேன். சொட்டு எண்ணெய் இல்லாமல் துடைத்து, சந்தனப் பொட்டும் வைத்தேன்.

வந்தவர் சிங்களவர். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், டிக்கோயா வரை ஓட்டி வந்தார். அன்று பார்த்து அது மாமியார் முன்னால் புது மருமகள் மாதிரி அடக்கமாக ஓடியது.

"நோனா, நல்லா இருக்கு! கல்யாணப் பொண்ணு மாதிரி!" என்று சிரித்தார்.

காரை எடுத்துக்கொண்டு போகத்தான் சிரிக்கிறார் என்று இரண்டு வடை கூடுதலாக வைத்தேன். தின்றுவிட்டு, பழுதில்லை என்று எழுதிக் கொடுத்துப் போய்விட்டார்.

"ஏன்டி, ஒழுகுன எண்ணெய் எங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"தேச்சுக் குளிப்பாட்டிட்டேங்க."

"அதக் காட்டத்தான்டி அவர வரச் சொன்னேன்!"

"நீங்க எதத்தான் என்கிட்ட சொன்னீங்க? கார் வாங்கப் போறதே எதுத்த கடைக்காரரு சொல்லித்தான் தெரியும்."

பிறகு போன கடிதங்களுக்குப் பதிலே இல்லை. வளைகாப்பு வந்தது. வாசலில் புதுக் கார் நிற்க வாடகைக் காரில் போனால் கடைவீதி சிரிக்கும் என்று அதிலேயே என்னை ஏற்றினார். தோட்டத்துப் பாதையில் பாதி ஏற்றத்தில் நின்றது. மேலே செல்லம் வீட்டுத் தகரக் கூரை தெரிந்தது. நல்ல நேரம் முடிய அரை மணிதான். வளையல் தட்டோடு இறங்கிக் குறுக்குப் பாதையில் கால் வைத்தேன். மழை ஈரத்தில் சறுக்கி உட்கார்ந்தேன். கொழுந்துக் கூடையோடு வந்த ஒருத்தி சிரித்துக்கொண்டே தூக்கிவிட்டாள்.

"பட்டுச் சேலையோட ஏறுனா சறுக்கிக்கிட்டே ஹட்டனுக்குப் போயிருவீங்கம்மா. கணக்கப்பிள்ளை வீட்டுக்குத்தானே? குடுங்க, நான் சேத்துர்றேன்."

வளையல்கள் அவள் கூடையில் ஏறின.

"அக்கா பாதி தூரம் வந்துட்டான்னு சொல்லுங்க" என்றேன்.

திரும்பிக் காரில் ஏறினேன். அதைத் திருப்ப அங்கே இடமில்லை. அவர் பின்னோக்கியே உருட்டி இறக்கினார். என் முகம் தங்கை வீட்டுப் பக்கம், போவது ஹட்டன் பக்கம். கூரை சிறுத்துக்கொண்டே போனது. அங்கே போய்ச் சேரப் போகிறவள் போல, பொட்டைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.