கைறுன்னிஸா பழக்கிய ஒரு வாய்த் தண்ணீர்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கிரானிலிருந்து சைக்கிளில் எருமைத் தயிர் கொண்டுபோய் விற்றுத் தொடங்கினேன். இன்று தன்னாமுனையில் மாடி வீடு, மூன்று லொறி. யார் தயவிலும் இல்லை. ஆனால் இன்று நான் தண்ணீர் குடிப்பது கைறுன்னிஸாவின் தயவில். அதை எழுதாவிட்டால் நான் மனிதனில்லை.

அவள் ஏறாவூர்க்காரி. புருஷன் இல்லை. ஆஸ்பத்திரியில் சிற்றூழியராகப் பதினெட்டு வருடம் நோயாளருக்குச் சோறு ஊட்டியே தன் மூன்று பெண் பிள்ளைகளை வளர்த்தாள்.

எனக்குப் பார்க்கின்சன் வந்து ஆறு வருடம். கை நடுக்கத்தை நான் சட்டை செய்யவில்லை. ஆனால் விழுங்குவது சிரமமாகி, புரையேறிப் புரையேறி நெஞ்சில் சளி கட்டி, அவள் வேலை செய்த ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தேன். இன்னொரு முறை இப்படி வந்தால் வயிற்றில் குழாய் போட்டுத்தான் சாப்பாடு என்றார் டொக்டர்.

அன்றைக்கே, வழக்கம்போலப் போத்தலை உதட்டில் படாமல் தூக்கி அண்ணாந்து குடித்தேன். மூச்சு நின்றுவிட்டது. கைறுன்னிஸா ஓடி வந்து என்னை முன்பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.

“என்ன அண்ணன், வாய்க்குள்ள ஊத்துறீங்களா, கூரைப் பீலிக்குள்ள ஊத்துறீங்களா?”

“அறுவது வருசமா இப்பிடித்தான் குடிக்கிறன். ஒரு சொட்டுச் சிந்தினதில்ல.”

“சிந்தாமத்தான் அவ்வளவும் நெஞ்சுக்குள்ள போயிருக்கு!”

பக்கத்துக் கட்டில்காரன் சிரித்தான். எனக்குக் கோபம். அவளோ விழுங்கப் பழக்கும் மிஸ்ஸைக் கையோடு கூட்டி வந்தாள். நிமிர்ந்து இருக்க வேண்டும். தலை குனிந்து நாடியை நெஞ்சுப் பக்கம் தாழ்த்த வேண்டும். கரண்டி கரண்டியாக, தண்ணீரையும் ஒரு தூள் கலந்து கொஞ்சம் தடிப்பாக்கிக் குடிக்க வேண்டும். சொன்னது மிஸ். மூன்று வேளையும் காவல் இருந்தது கைறுன்னிஸா. முதல் லொறி வாங்கிய கதையை நான் எடுத்தால், “லொறிய அங்கால நிப்பாட்டுங்க அண்ணன். வாயில உள்ளத முதல்ல விழுங்குங்க” என்பாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. ஒரு மாதம் வேலை முடிந்து போகிற வழியில் பஸ்ஸால் இறங்கி, என் மனைவி பாலசுந்தரிக்குக் கஞ்சியின் பதம் காட்டிக் கொடுத்தாள்.

போன கிழமை கிளினிக்கில் நெஞ்சு சுத்தம், நிறை இரண்டு கிலோ கூட. குழாய் இப்போதைக்குத் தேவையில்லை என்றார் டொக்டர்.

அன்று பின்னேரம் அவளை எங்கள் மேசையில் இருத்தினோம். மற்றவர்களுக்கு ஊட்டி முடித்து, எப்போதும் நின்றபடி சாப்பிடுகிறவள். கூச்சப்பட்டாள். என் நடுங்கும் கையால் நானே சோறு போட்டேன். பாதி தட்டில், பாதி மேசையில். மேசையில் கிடந்ததையும் கூட்டி அள்ளிப் போட்டுச் சாப்பிட்டாள்.