நீலக் கேனில் வார்த்த தொட்டி

எல்லாரும் சின்னவள் என்றே கூப்பிடும் அவள் கையில் சிக்கிய பிளாஸ்டிக் எதுவும் குப்பைக்குப் போனதில்லை. தெருவில் பாதி வீடுகளில் புழங்குவது அவள் வார்த்த வாளியும் குவளையும் முக்காலியும்தான். வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லாமல் அரவை இயந்திரம், உருக்கும் அடுப்பு, இரும்பு அச்சுகள். ஆனால் ஒன்றில் மட்டும் அவள் கறார். டப்பாவில் முன்பு என்ன இருந்தது என்று ஒட்டுத்தாளைப் படித்த பிறகுதான் அதைக் கிழிப்பாள். கழுவுவது அதற்கும் பிறகு.

அன்று காலை எதிர்வீட்டுத் தையல்காரியின் பேரக் குழந்தைக்கு நீல நிறத்தில் ஒரு குளியல் தொட்டி கொடுத்திருந்தாள். பிஞ்சு உடம்பில் கீறிவிடக் கூடாதென்று விளிம்பை நகத்தால் தடவித் தடவிச் சீவிய தொட்டி.

மத்தியானம் சாப்பாட்டின்போது அவள் வீட்டுக்காரர் பெருமையை அவிழ்த்துவிட்டார். அவள் காய்ச்சலில் கிடந்தபோது வந்த பழைய பிளாஸ்டிக் மூட்டையை அவரே சுத்தம் செய்து வைத்தாராம்.

"அந்த நீலக் கேனுங்க இருக்கே, நாத்தம் குடலைப் புரட்டிருச்சு. விடுவேனா? தாளைச் சுரண்டிட்டு, தேய்ச்ச தேய்ப்புல பளபளன்னு ஆயிருச்சு."

"என்ன கேன்?"

"பூச்சிமருந்துக் கேன்தான். மண்டையோடு படம் போட்டிருந்துச்சு."

எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை. கழுவி அடுக்கியிருந்ததைப் பார்த்து, தான் முன்பே படித்துக் கிழித்த கேன்கள் என்று நினைத்துத்தான் அவற்றை உருக்கியிருந்தாள். அந்த மருந்து பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறிவிடும்; எந்தச் சோப்புக்கும் அசையாது. அவருக்குக் கழுவத் தெரியும், இது தெரியாது.

எச்சில் கையோடு ஓடினாள். எதிர்வீட்டில் தொட்டியில் வெந்நீர் ஊற்றியாகிவிட்டது. ஆவியில் லேசாக ஒரு காட்டம். குழந்தை துணியில்லாமல் தையல்காரியின் மடியில் கிடந்தது. சின்னவள் பாய்ந்து போய்த் தொட்டியைப் பிடித்துக் கவிழ்த்தாள். தண்ணீர் கூடம் முழுக்க ஓடியது.

"பேய் கீய் பிடிச்சிருக்கா உனக்கு?"

"விஷ மருந்துக் கேன்ல செஞ்சுட்டேன்க்கா. தெரியாமப் போச்சு. குழந்தைய இதுல வச்சிராதீங்க."

தொட்டியில் விரிசல் என்று ஒரு பொய் சொல்லித் தூக்கி வந்திருக்கலாம். ஆனால் அதே நீலத்தில் வார்த்த குவளைகள் இன்னும் நாலைந்து வீடுகளில் இருந்தன. அதையும் தையல்காரியிடம் சொன்னாள்.

தையல்காரி குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு அதை மகளிடம் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

"நட, நானும் வர்றேன். நீ போய்க் கேட்டா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. என் வாய்க்குப் பயந்து குடுத்துருவாங்க."

தெருவில் இறங்கிய சின்னவள் அப்படியே நின்றாள். என்னவோ ஏதோ என்று வாசலுக்கு வந்திருந்தார் வீட்டுக்காரர். கையில் நீலக் குவளை. அதில் பாதித் தண்ணீர்தான் மிச்சமிருந்தது.